மிச்சமான இரண்டு மணி நேரம்

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. காது மட்டும், கணவன் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கும் எதிர் அறைக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே சத்தமே இல்லை.

முன்பெல்லாம் மவுஸ் 'டிக் டிக்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தமே ஒரு ஆள் துணை மாதிரி. மூன்று மாதத்துக்கு முன்னால் அலுவலகத்தில் ஏதோ வீடியோ அனுப்பினார்களாம். அதைப் பார்த்துவிட்டு மவுஸைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டான் அவள் கணவன்.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டவும் செய்தான்.

"இங்க பாரு, லேப்டாப்புல இது டச்பேடு. ரெண்டு விரலால தள்ளினா பக்கம் மேலயும் கீழயும் போகும். மூணு விரலை மேல தள்ளினா, திறந்து வச்சிருக்கிறது எல்லாம் வரிசையா வந்து நிக்கும். கீழ இழுத்தா அத்தனையும் மறைஞ்சிடும்."

"இதுல என்னங்க லாபம்?"

"தினம் ரெண்டு மணி நேரம் மிச்சம். ஏழு மணிக்கு முடியற வேலை அஞ்சு மணிக்கே முடிஞ்சிடும்."

அவள் மனசு துள்ளியது. எட்டாவது மாடி வீடு. பக்கத்து வீட்டுக் கதவில் எப்போதும் பூட்டு. நாள் பூராவும் நாலு வயசு மகளோடு பேசிப் பேசி, தனக்கும் நாலு வயசு ஆகிவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம். ஐந்து மணிக்கு ஒரு பெரிய மனுஷன் வெளியே வந்து, முகம் பார்த்து நாலு வார்த்தை பேசினால் போதும்.

ஆனால் கதவு பழையபடி ஏழு மணிக்குத்தான் திறந்தது. மறுநாளும் ஏழு. மூன்று மாதமாக ஏழு.

மிச்சமான இரண்டு மணி நேரம் எங்கே போகிறது?

ஐந்தரைக்கு டீ எடுத்துப் போவாள். கதவருகே நின்றால் திரை தெரியாது, அவன் கை தெரியும். இவள் தலையைக் கண்டதும் மூன்று விரல் சேர்ந்து டச்பேடில் கீழே இழுக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் திரையில் வெறும் மலைப்படம்.

போனில் அக்காவிடம் சொன்னாள். அக்கா புருஷனுக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார்.

"மூணு விரலால கீழ இழுக்கறாரா? அப்ப மறைக்கறார்னுதானேடி அர்த்தம்?"

"ஆபீஸ் வேலையா இருக்கும்க்கா."

"பொண்டாட்டிகிட்ட மறைக்கிற வேலை என்ன வேலை? எவகூடவோ பேச்சு. நீ வாயைத் திறக்காம டீ கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டே இரு."

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்கு ஆறு மணி தாண்டியதும் கதவு திறந்தது.

"கீழ பார்சல் வந்திருக்காம். வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மகள் பாத்ரூமில் உட்கார்ந்திருந்தாள். அவள் பட்டாணியை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திருடப் போகிறவள் மாதிரி வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மூன்று விரலை வைத்தாள். மேலே தள்ளினாள்.

ஒன்றும் வந்து நிற்கவில்லை.

விரல் சரியாகப் படவில்லையோ என்று மறுபடி தள்ளினாள். மலைப்படம். மூலையில் மணி ஆறு பத்து. அவ்வளவுதான். அலுவலகப் பக்கம்கூட மூடித்தான் கிடந்தது.

"என்ன தேடற?"

பார்சலோடு கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் மூடிட்டுத்தான் கீழ போனீங்களா?"

"எதை?"

"அவகூடப் பேசினதை."

"எவ?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பார்சலை மேசையில் வைத்தான்.

"வேலை அஞ்சு மணிக்கே முடிஞ்சிடுது. அப்புறம் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"நான் வந்தா விரலால இழுக்கறீங்களே?"

"வேலை பார்க்கிற மாதிரி தெரியணும்ல. சும்மா தடவுவேன்."

"ரெண்டு மணி நேரம், மலையைப் பார்த்துக்கிட்டா?"

"மலையையும் மணியையும்."

"ஏங்க?"

அவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முதல் நாள் அஞ்சு மணிக்கே எழுந்து வந்தேன். கதவைத் திறக்கப் போறப்போ நீ அக்காகிட்ட பேசிட்டிருந்த. 'அந்த மனுஷன் ஏழு மணி வரைக்கும் உள்ள கிடக்கறதாலதான் நான் கொஞ்சம் மூச்சு விடறேன்'னு சொன்ன. காலையிலேருந்து குழந்தை உன்னைப் பிடுங்கி எடுக்குது. அதுக்கு மேல நானும் எதுக்குன்னுதான்..."



அவள் சொன்னதுதான். 'உன் புருஷன் கூப்பிடற தூரத்துல இருக்காரு, குடுத்து வச்சவ நீ' என்று அக்கா பெருமூச்சு விட்டாளே, அதைக் கேட்டு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னது.

"அது அக்கா மனசு நோகக் கூடாதேன்னு சொன்னதுங்க" என்றாள். "நெஜமா நான் அஞ்சு மணி ஆச்சுன்னா இந்தக் கதவையே பார்த்துக்கிட்டு, நீங்க எப்ப..."

"அம்மா, ஆயிடுச்சு. வந்து கழுவி விடு."