சத்தம் போடும் பிரஷ்

தென்காசிக் கடையில் மூன்றாவது எலெக்ட்ரிக் டூத் பிரஷ்ஷையும் ஓடவிட்டுக் காதருகே வைத்துப் பார்த்தார் பால்வண்ணநாதன்.

"இதுவும் வேண்டாம். சத்தமே இல்லையே."

"எல்லாரும் சத்தமில்லாததத்தான் கேக்காவ. நீங்க என்ன அண்ணாச்சி, மாவா ஆட்டப் போறிய?" என்று சிரித்தார் கடைக்காரர் விஜயசங்கர்.

பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. "வீட்ல இருந்ததச் சொந்தக்காரங்க தூக்கி எறிஞ்சிட்டாவ. அதே சத்தம் வேணும்."

"நார் மெதுவா இருக்கணுமா? ஈறு கூசுமா?"

"நார் எப்படி இருந்தா என்ன?"

விஜயசங்கர் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய மாடலை எடுத்து ஓடவிட்டார். கொர்ரென்று கடையே அதிர்ந்தது.

"இதான்."

"ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுரும் அண்ணாச்சி."

"தெரியும்."

மறுநாள் விடிந்ததும் குளியலறை வாஷ்பேசினில் பிரஷ்ஷை ஓடவிட்டார். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டார். தலைமாட்டில், டம்ளர் தண்ணீரில் அவருடைய இரண்டு வரிசைப் பல்செட்டும் கிடந்தது.

மனைவி சொக்கம்மாளின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அவளுடைய சேலை, பாயோடு பிரஷ்ஷும் வீட்டை விட்டுப் போயிருந்தது.

கதவுக்குப் பின்னால் கொர்ரென்றது.

"ஏட்டி, எவ்வளவு நேரந்தான் தேய்ப்ப?" என்று வழக்கம்போல் கத்தினார்.

சத்தம் நின்றது. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.