மாவுக்கட்டுக்குள் ஊசி நுனி

ஃபின்டன் எழுந்து, கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, ஒற்றைக் கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவி, பாதியைத் தின்று, பேருந்து பிடித்து வந்திருக்கிறான். டப்ளின் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில், சன்னல் வழியே மழையின் சாம்பல் வெளிச்சம் அவனுடைய மாவுக்கட்டின் மேல் விழுகிறது. சுற்றிலும் மாணவர்கள். அறுவை மருத்துவர் ஹேக்கெட் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையோடுதான் பேசுகிறார். "மணிக்கட்டுகிட்ட உடைஞ்சா காலிஸ் முறிவு. காலிஸ் நம்ம ஊர் டாக்டர்ப்பா! எக்ஸ்ரே இல்லாத காலத்துலயே கண்டுபிடிச்சு எழுதிட்டார். அதுக்கு மேல உடைஞ்சா இத்தாலிக்காரங்க பேரு." செத்துப்போன பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சாண் எலும்புக்குப் பட்டா வாங்கியிருக்கிறார்கள், கையை வைத்திருப்பவன் வெறும் வாடகைக்காரன். தாதியின் ரம்பம் இரைகிறது. கட்டு பிளந்து, பின்னல் ஊசியின் முறிந்த மூங்கில் நுனி தட்டில் விழுகிறது. "எந்த முட்டாள் இதை உள்ள விட்டது?" என்கிறார் ஹேக்கெட். "என் மனைவி. அரிச்சுது, சொறிஞ்சுவிட்டா." "அந்தம்மாவ இங்க அனுப்புங்க, நாலு வார்த்தை கேக்கணும்." மாணவர்கள் சிரிக்கிறார்கள். "அவளைப் புதைச்சாச்சு." சிரிப்பு நிற்கிறது. ஹேக்கெட் எக்ஸ்ரே திரையின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். "எலும்பு பிரமாதமா சேர்ந்திருக்கு." தாதி தட்டைக் குப்பைக்குச் சாய்க்குமுன், வெளிறி மெலிந்த அந்தக் கையை நீட்டி ஃபின்டன் நுனியை எடுத்துக்கொள்கிறான். இது முறிந்ததும்தான் அவன் மனைவி ஓர்லா சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். கடைசியாக என்ன சொன்னாள் என்று இழவு வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவள் சொன்னது இதுதான்: "அசையாம உக்காருடா, இன்னொரு ஊசி கொண்டாரேன்."