தாழ்ப்பாள்

“கண்ணு, கதவைத் திறடா! மார்க் போனாப் போகுது கழுதை. அப்பாவுக்கு நீ இருந்தாப் போதும்மா!”

தாழ்ப்பாள் விலகியது. மகள் அழுதபடி வெளியே வந்தாள்.

“கட்!” என்று கத்தினார் சீரியல் இயக்குநர். “அண்ணே, வசனம் இது இல்லையே! திட்டத்தானே சொன்னேன்?”

“மறந்துபோச்சு தம்பி. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்” என்றார் அப்பாவாக நடித்தவர்.

இயக்குநர் மகளாக நடித்தவளிடம் திரும்பினார். “அவர் உளறினா நீ ஏம்மா திறந்தே? கதவை உடைச்சுப் பார்க்கும்போது நீ செத்துக் கிடக்கணும். அதுதானே இன்னைக்கு சீனே!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பத்தாவதுல ஃபெயிலானப்ப எங்கப்பாவும் வெளியே நின்னு இப்படித்தான் கூப்பிட்டார் சார். அன்னைக்குத் திறந்ததாலதான் இங்க நிக்கிறேன்.”

இயக்குநர் வசனத்தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

“கதவை உடைக்க வந்தவங்கெல்லாம் போய் டீ குடிங்கப்பா. பொண்ணு வெளியே வந்துட்டா.”