டோப்பா போன ராஜா

“டூத்பேஸ்ட் போட்டா தேய்ச்சே? கொஞ்சமாவது மூளை இருக்கா உனக்கு?”

கணவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மருமகள் ஈரக் கையோடு நின்றாள்.

மேஜைமேல் அந்த ரோமானிய வெள்ளிக் காசு பளபளத்தது. நேற்றுவரை அது கரிச்சட்டி நிறம்.

முப்பது வருஷமாக மாமனார் அந்தக் காசைப் பற்றிச் சொல்லாத ஆள் தெருவில் இல்லை.

“மூணே மாசம் ஆண்ட ராஜா. தலையில டோப்பா வேற. அதைச் சீவி முடிக்கவே நேரம் சரியாயிருக்கும், எத்தனை காசு அடிச்சிருப்பான்?”

இன்று மியூசியத்திலிருந்து நிபுணர் வருகிறார். அவர் அசல் என்று சொல்லிவிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் காசு, கீழே மாமனார் பெயர். வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதி வந்து ஹாலில் உட்கார்ந்தாயிற்று.

“ராஜாவை மொட்டையடிச்சுட்டியேம்மா” என்றார் மாமனார். காசின்மேல் குனிந்தபடியே இருந்தார்.

“விட்டா ராஜாவுக்குப் பல்லும் விளக்கிவிட்டிருப்பா!” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஹாலே சிரித்தது.

நிபுணர் வந்தார். எடை போட்டார். லென்ஸ் வைத்து ராஜாவின் முகத்தைப் பார்த்தார். விளிம்பைச் சுற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

“ஓரத்தை எதால தேய்ச்சீங்க?”

“உப்புத்தாள் சார். அழுக்கு போகவே இல்லை.”

கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

நிபுணர் காசை மாமனார் கையில் வைத்தார். “இவ்வளவு தேய்ச்சப்புறம் அசலா போலியான்னு யாராலயும் எழுதித் தர முடியாது. மன்னிச்சுக்குங்க.”

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தீங்களா? இவ மட்டும் கை வைக்காம இருந்திருந்தா இன்னிக்குக் கண்ணாடிப் பெட்டிதான்!”

“ஐயோ, பாவம் பெரியவர்” என்று மருமகளை முறைத்தபடியே கூட்டம் கலைந்தது.

நிபுணரை வழியனுப்ப வாசல்வரை வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் வார்ப்புப் பட்டறையில வேலை பார்க்கிறேன் சார். அசல்னா சம்மட்டியால அடிச்சது. ஓரத்துல கோடு வராது. இது உருக்கி ஊத்தின போலி. ரெண்டு அச்சு சேர்ந்த கோடு, போன வாரம்தான் என் கண்ணுல பட்டுச்சு. அத்தனை பேர் நடுவுல மாமா தலைகுனியக் கூடாதுன்னுதான்... கோடு முழுசாப் போயிடுச்சா சார்?”

“ஒரு நெல்லளவு மிச்சம் இருக்கும்மா. இன்னொரு தரம் திட்டு வாங்கிடுங்க.”