அடைபட்ட லேன்கள்

மூளையின் சின்ன இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன, பிரஷர் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சிவபாதசுந்தரத்துக்கு மனைவியின் பெயர் மறந்துவிட்டது. மகன் குகதாசனை வாடகைக்கு வந்த பொடியன் என்று நினைத்தார்.

ஆனால் காலையில் எழுந்ததும், "ஹம்டன் லேன் அடைச்சாச்சு" என்பார். அன்று அங்கே ஆமிச் சிப்பாய்கள் மறித்து நிற்பார்கள். அவர் படுக்கும் அறைக்கு யன்னல் இல்லை. அவர் சொன்னது ஒரு நாளும் பிழையாகப் போனதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஆமியிடம் பிடிபட்ட தமிழ்ப் பொடியன்கள் சிலர் திரும்பி வராத காலம் அது. குகதாசன் அவரைக் கேட்டுத்தான் வெளியே இறங்கினான். மேல்வீட்டு அருந்ததியும் கேட்க வந்தாள். "ரேடியோவைவிட உங்கட மனுசன் திறம், அக்கா!"

ஒரு கிழமை குளிசை ஒழுங்காகப் போட்டபோது அவர் மனைவியை, "நேசமலர்" என்று கூப்பிட்டார். லேன் பெயர் எதையும் சொல்லவில்லை. அன்று குகதாசன் செக்கிங்கில் மாட்டி, பொழுதுபட்ட பிறகே வீடு வந்தான். நேசமலர் குளிசையை நிறுத்தினாள்.

குகதாசன் கனடா போய்ச் சேர்ந்த செய்தி வந்த மறுநாள் காலை, அவள் குளிசையும் தண்ணீருமாகக் கட்டிலருகே வந்தாள். வாசலில் அருந்ததி நின்றாள். பின்னால் டை கட்டிய அவள் மகன்.

"குடுத்திட்டீங்களோ அக்கா?"

"இல்லை, இப்பதான்..."

"நாளைக்குக் குடுங்கோவன். இவனுக்கு இண்டைக்கு இன்டர்வியூ."

நேசமலர் குளிசையைப் போத்தலுக்குள் போட்டு மூடினாள். தண்ணீரைத் தானே குடித்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கணவரிடம், "இண்டைக்கு எந்த லேன்?"