சாமி கேட்ட சுருட்டு

சுருட்டுக் கட்டைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு மாலா நிமிர்ந்தாள். எதிரே கோயில் தலைவர் கணேஸ்வரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளப் புள்ளைக்குச் சுருட்டு எதுக்கு?"

"குடிக்கத்தான்," என்றாள் மாலா, முகத்தில் ஒரு பயத்தையும் காட்டாமல். "எங்கப்பா குடிச்சுச் சாவுறதுக்கு நானே குடிச்சிட்டுப் போறேன். வழிய விடுங்க மாமா."

புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டத்துக்குள் இருக்கும் முனியாண்டி கோயிலில் அன்று திருவிழா. உச்சிப் பூசையில் முனியாண்டி இறங்குவது மாலாவின் அப்பா அப்பளசாமி மேல்தான். இறங்கியதும் முதலில் கேட்பது சுருட்டு. இருபது வருஷமாக இதுதான் வழக்கம்.

அப்பளசாமி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் ஊதித் தள்ளிய மனிதரை, மாலாதான் கோலா சிலாங்கூருக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். மருந்துச் சுவிங்கம் மென்று, கிராம்பு கடித்து, காப்பிக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், நூற்று மூன்று நாள் ஓட்டிவிட்டார்.

இதற்கு முன்னும் இரண்டு முறை விட்டவர்தான். இரண்டு முறையும் திருவிழாச் சுருட்டுதான் அவரைக் கவிழ்த்தது. சாமி மலையேறிவிடும், ஆசை போகாது, மறுநாளே பெட்டி வாங்கிவிடுவார். இன்னொரு தடவை ஆரம்பித்தால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் இந்த முறை எக்ஸ்ரேயைக் காட்டியே சொல்லிவிட்டார்.

"குடிக்கிறது உங்கப்பா இல்ல புள்ள, சாமி!" கணேஸ்வரன் கையை நீட்டினார்.

"சாமியே குடிக்கட்டும். புகை யாரு நெஞ்சுக்குள்ள போவுது?"

"வாய்க்கொழுப்புலா உனக்கு! ஒரு வருஷம் மட்டமான சுருட்டு வாங்கிட்டோம். ஒரே இழுப்புல கண்டுபிடிச்சுத் தூக்கி எறிஞ்சிச்சே சாமி! திருச்சி சுருட்டுதான் வேணும்னு கேட்டு வாங்குச்சா இல்லியா? அந்தச் சாமிய நீ ஏமாத்திடுவியா?" என்றபடி கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாலாவுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, இந்த வருஷம் ஆடாதீங்கப்பா. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"நானாம்மா ஆடுறேன்? சாமி வந்தா நான் என்ன செய்யிறது?" என்றார் அப்பளசாமி. கண் மட்டும் கணேஸ்வரன் கையிலிருந்த சுருட்டுக் கட்டை விட்டு நகரவில்லை.

பக்கத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா உஷாராணி அதைப் பார்த்தாள். கோயிலில் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதவள். கத்தியை வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, டப்பாவில் போட்டு மூடி, மகளிடம் கொடுத்தாள்.

"சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்குது. பத்திரமா வச்சிரு."

உறுமி முழங்கியது. அப்பளசாமியின் தோள் துடித்தது, தலை ஆடியது. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு எழுந்தவர், "கொண்டாடா!" என்று கையை நீட்டினார். கணேஸ்வரன் பற்றவைத்த சுருட்டோடு பயபக்தியாக வந்தார். மாலா குறுக்கே போய் நின்றாள்.

"தள்ளு புள்ள! சாமி குத்தம் ஆயிடும்!"

"ஆவட்டும்! தள்ள மாட்டேன்!"

இரண்டு பேர் அவளை ஓரமாக இழுத்தார்கள். நூற்று மூன்று நாளும் போச்சே என்று மாலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏய்ய்ய்!"

பெண்கள் பக்கமிருந்து வந்த அலறலில் உறுமியே நின்றுவிட்டது. தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் உஷாராணி. சுருட்டைப் பிடுங்கி மஞ்சள் தண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கினாள்.

"எவன்டா எனக்குச் சுருட்டு குடுக்கிறவன்? என் புள்ளைங்க நெஞ்சுல கொள்ளி வைக்கவாடா எனக்குக் கோயில் கட்டுனீங்க? இனிமே என் வாசல்ல எளநீதான் வைக்கணும்!"

"தெரியாம செஞ்சிட்டோம் சாமி!" கணேஸ்வரன் தடாலென்று காலில் விழுந்தார்.

"உன் சட்டைப் பையில இருக்கிற பெட்டியையும் எடுடா!"

எடுத்தார். அதுவும் குடத்துக்குள் போனது. அப்பளசாமி கையில் இனி யாரும் சுருட்டோ சிகரெட்டோ கொடுப்பதில்லை என்று ஒவ்வொருவரிடமும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அதன் பிறகுதான் மயங்கிச் சரிந்தாள். இந்த அமளியில் அப்பளசாமியின் ஆட்டம் எப்போது நின்றது என்று யாருமே கவனிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மாலாதான் காரை ஓட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. பின் சீட்டில் அப்பளசாமி, மனைவி மேல் படாமல் கையைக் கட்டிக்கொண்டு பவ்வியமாக உட்கார்ந்திருந்தார்.

"மாலா, என் கண்ணாடியக் குடு," என்று உஷாராணி கையை நீட்டினாள்.

மாலா டப்பாவைப் பின்னால் நீட்டினாள். அப்பளசாமி டப்பாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"முன்னாடியே கண்ணாடியக் கழட்டி டப்பாவுல போட்டுட்டா ஆடுன? அடிப்பாவி, அம்புட்டும் நடிப்பா? பொய்யா ஆடுனா சாமி கண்ணைக் குத்திடும்டி!"

உஷாராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"இருபது வருஷமா உங்க கண்ணைக் குத்தலியே!"