காற்றுத் திருகு

கீழே, தெருவில் தேங்கியிருந்த தண்ணீருக்கு மேல், டபடபவென்று ஏதோ சத்தம்.

கரண்ட் இல்லை. ஒரே இருட்டு. அம்சவேணி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து பின்வாங்கினாள்.

"பயப்படாதேம்மா! மோட்டார் படகு வந்துடுத்து!" பக்கத்து போர்ஷன் கஸ்தூரிரங்கன் மாடிப்படியிலிருந்து கத்தினார்.

நேற்றுதான் யமுனை காலனிக்குள் புகுந்தது. கணவன் கான்பூரில் டூர். தில்லிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அவளுக்கு.

படகோட்டி டார்ச் அடித்தான். "பாத்து இறங்குங்கம்மா. புள்ளய எங்கிட்ட குடுங்க."

தமிழ்! அம்சவேணிக்குப் பாதி உயிர் வந்தது.

"எந்த ஊருப்பா நீங்க?"

"கடலூரும்மா. பேரு கலியன். இங்க ஏரியில உல்லாசப் போட்டு ஓட்றேன். வெள்ளம்னதும் புடிச்சாந்துட்டாங்க. நீங்க நடுப்பலகையில உக்காருங்க, அங்கதான் ஆட்டம் கம்மி."

"ஊர்க்கதையெல்லாம் அப்புறம் பேசலாம். ஜல்தி, ஜல்தி!" என்றார் கஸ்தூரிரங்கன். அவர் மனைவி ஜெயலட்சுமி பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள்.

நடுப்பலகைக்குப் பக்கத்தில்தான் பெட்ரோல் டப்பா. நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. குழந்தை இருமியது, ஓங்கரித்தது, குடித்த பாலையெல்லாம் கக்கியது.

"ஐயோ, பச்சைக் குழந்தைடி! ஏதாவது பண்ணேன்!" என்றாள் ஜெயலட்சுமி.

அம்சவேணி தலைப்பால் மூடினாள், குனிந்தாள், திரும்பினாள், என்னென்னவோ செய்தாள். ஒரு வழியாக நெடி அடங்கியது. குழந்தை தூங்கிப்போனது.

படகு சீராகப் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் நன்றாகச் சூடேறிய சமயம், இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றது.

கலியன் கயிற்றை இழுத்தான். கிளம்பி, கொஞ்ச தூரம் போய், மறுபடி நின்றது.

"என்னய்யா உன் வண்டி?"

"தெரியல சார். குளிரா இருக்கறப்ப நல்லாத்தான் ஓடுது. சூடானா நிக்குது."

ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். என்ஜினைத் தொட்டுப் பார்த்தான். அளவுக்கு மீறிய சூடு இல்லை. இதற்குள் நீரோட்டம் படகை நாலா என்கிற பெரிய வடிகால் பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தது. அங்கே தண்ணீர் இரைகிற சத்தம் இங்கே கேட்டது.

"தண்ணி போட்டிருக்கியா? வாயை ஊது பாக்கலாம்!" கஸ்தூரிரங்கன் எழுந்தார். படகு சாய்ந்தது.

"ஒக்காருங்க சார்! கவுத்துடாதீங்க!"

அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனையை முணுமுணுத்தாள்.

கலியன் பெட்ரோல் குழாயைத் தடவிக்கொண்டே வந்தான். நடுவில், பெட்ரோலை அமுக்கி ஏற்றுகிற ரப்பர் பந்து சப்பையாக ஒட்டிக்கிடந்தது. அவன் கை டப்பாவின் மூடிக்குப் போயிற்று. எதையோ திருகினான். 'உஸ்ஸ்' என்று டப்பா காற்றை உள்ளே இழுத்தது.

"என்ன அது?"

"காத்துத் திருகு சார். மூடியிருந்தா காத்து உள்ள போவாது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பெட்ரோல் வராம நின்னுடும்."

"யார் மூடினா?"

டார்ச் வெளிச்சம் ஒரு கணம் தூங்குகிற குழந்தைமேல் நின்றது. பிறகு விலகியது.

"நான்தான் சார். தொறக்க மறந்துட்டேன்."

அதற்குமேல் கேட்க வேண்டுமா? நாலு உயிர், அஞ்சு உயிர் என்று கஸ்தூரிரங்கன் வசை பாடினார். அம்சவேணிக்கும் அதுவரை அடக்கிய பயமெல்லாம் வெடித்தது.

"உங்களை நம்பித்தானே கைக்குழந்தையோட ஏறினேன்! கொல்லப் பாத்தீங்களே! இதுகூடவா ஒரு மனுஷனுக்கு மறந்து போகும்?"

கலியன் ரப்பர் பந்தை அமுக்கினான். கயிற்றை இழுத்தான். என்ஜின் பிடித்துக்கொண்டது. கரை சேரும்வரை நிற்கவில்லை.

மேட்டில் இருந்த பள்ளிக்கூடம்தான் முகாம். வராந்தாவில் ரிலீஃப் ஆபீசர். கஸ்தூரிரங்கனின் ஹிந்தியை அவர் காதிலேயே வாங்கவில்லை. அம்சவேணி முன்னால் வந்து, கான்வென்ட் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலியனைக் கூப்பிட்டார். படகை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போ, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

"சபாஷ்! இவாளுக்கெல்லாம் இப்படித்தான் வேணும்," என்றார் கஸ்தூரிரங்கன்.

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்கை போட்டார்கள். எல்லாரும் அடங்கிய பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். அம்சவேணி லேசாகத் திறந்தாள்.

கலியன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான்.

அவள் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்கு வந்திருக்கிறான்.

"அம்மா, புள்ள தூங்குதா?" குரலைத் தாழ்த்திக் கேட்டான். "வேற ஒண்ணுமில்ல. தண்ணி கொஞ்சம் வடிஞ்சதும் வேற ஆளு உங்கள இதே போட்டுல வூட்டுக்குக் கூட்டிப் போவான். அவனுக்குத் தமிழ் வராது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

"என்ன?"

"அப்பவும் நாத்தம் அடிக்கும். புள்ள கக்குனாலும் பரவால்ல, அந்தத் திருகை மூடிடாதீங்க. நம்ம பம்ப் ஸ்டவ்வுக்குத்தான் இறுக்கி மூடணும். இதுக்குத் தொறந்தே இருக்கணும்மா."

அம்சவேணியின் வலது கை தானாகத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"வரேம்மா."

அவன் படியிறங்கிப் போனான். வராந்தாக் கோடியில் ஆபீசரின் அரிக்கேன் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பத்தடி நடந்தால் போதும், உண்மையைச் சொல்லிவிடலாம்.

"யாரும்மா அது, இந்நேரத்துல?" உள்ளேயிருந்து கஸ்தூரிரங்கன் கேட்டார்.

"யாருமில்லை மாமா," என்று சொல்லி, அம்சவேணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.